ரூம்மேட்டின் டயல் கேஜ்

பஸூன்னா என்னன்னு தெரிஞ்சவங்க கை தூக்குங்க.

யாரும் இல்லையா? பரவாயில்லை. சத்தத்தைக் கேட்டிருப்பீங்க, பேர்தான் தெரிஞ்சிருக்காது. 1940-ல் வந்த டிஸ்னியின் 'ஃபேண்டேசியா' படத்தில் மிக்கி மவுஸ் மந்திரம் போட்டதும் ஒரு துடைப்பத்துக்கு உயிர் வந்து, அது தத்தித் தத்தி நடக்க ஆரம்பிக்கும். அந்த நடையோட கூடவே வரும் குண்டான, கொஞ்சம் மூக்கடைச்ச மாதிரியான குரல்தான் பஸூன். பார்க்க நாலரை அடி உயர மரத்தூண் மாதிரி இருக்கும். பக்கவாட்டில் ஒரு மெல்லிய உலோகக் குழாய் வளைஞ்சு வரும். அதன் நுனியில் ரெண்டு இதழாக் கட்டின ஒரு நாணல் துண்டு. அதை வாயில் வெச்சுத்தான் ஊதணும்.

நான் ஆறாவது செமஸ்டர் எக்ஸ்சேஞ்சுக்கு அமெரிக்காவில் இண்டியானா போயிருந்தது உங்கள்ல சில பேருக்குத் தெரியும். பனி, பர்கர், கரெக்ட் டைமுக்கு வர்ற பஸ் பத்தியெல்லாம் இதே இதழ்ல ஏற்கெனவே மூணு சீனியர்ஸ் எழுதிட்டாங்க. அதனால அதையெல்லாம் விட்டுடறேன். நான் சொல்ல வந்தது என் ரூம்மேட்டைப் பத்தி. அந்த யூனிவர்சிட்டியோட மியூசிக் ஸ்கூல்ல அவ நாலாவது வருஷம். படிப்பு: பஸூன். ஆமா, நாலு வருஷ டிகிரி, மேஜரே அதுதான். நம்ம ஊர்ல ஒருத்தர் "நான் மெக்கானிக்கல்"னு சொல்ற மாதிரி அவ "நான் பஸூன்"னு சொல்வா.

முதல் நாள் ரூமுக்குள்ள போனப்ப அவ இல்ல. அவளோட மேசையைப் பார்த்துட்டு இவளும் மெக்கானிக்கல்தான்னு நினைச்சேன். நிறைய அரம். நுனி மழுங்கின ஒரு கத்தி, நல்ல கூரான ஒரு கத்தி. கட்டிங் பிளேயர், பித்தளைக் கம்பிச் சுருள், உப்புத்தாள், கூம்பு வடிவத்துல ஒரு எஃகு ஊசி. நடுவுல ஸ்டாண்டுல மாட்டின ஒரு டயல் கேஜ். நம்ம மெட்ராலஜி லேப்ல இருக்கே, முள் நடுங்குற அதே டயல் கேஜ். என்ன வித்தியாசம்னா, இவளோடது வேலை செய்யும்.

மியூசிக் படிக்கிற பொண்ணுக்கு எதுக்கு நூறில் ஒரு மில்லிமீட்டர் அளக்கிற கருவி? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சுக்கத்தான் எனக்கு அந்த செமஸ்டர் முழுக்க ஆச்சு.

முதல்ல வாத்தியம். பஸூனோட குழாயை நிமிர்த்தி வெச்சா ஏறக்குறைய ரெண்டரை மீட்டர் நீளம். அதை அப்படியே யாரும் பிடிக்க முடியாதுன்னு அடியில யு மாதிரி மடிச்சிருக்காங்க. இத்தாலியன்ல இதுக்கு ஃபகோட்டோன்னு பேர், விறகுக் கட்டு மாதிரின்னு அர்த்தம் சொல்வாங்க. உள்துளை மேலிருந்து கீழ் வரை கொஞ்சம் கொஞ்சமா அகலமாகிட்டே போகும் கூம்பு. இப்போ ஒரு டிசைன் ப்ராப்ளம். ரெண்டரை மீட்டர் குழாயில் துளைகள் எங்க வரணும்னு இயற்பியல் சொல்ற இடத்துல போட்டா, மனுஷ விரல் எட்டாது. என்ன பண்ணினாங்க தெரியுமா? மரத்தை அந்த இடத்துல தடிமனா விட்டு, துளையைச் சாய்வாத் துளைச்சாங்க. வெளியில் மூணு துளையும் விரலுக்குப் பக்கம் பக்கமா இருக்கும், உள்ளே போய் அதது தள்ளித் தள்ளித் திறக்கும். எனக்கு இதைக் கேட்டதும் கை தட்டணும் போல இருந்தது. ஆனா இந்தக் குறுக்கு வழிக்கு விலை உண்டு. பஸூன்ல பல ஸ்வரங்கள் தன்னால சுருதியில நிக்காது. ஒவ்வொண்ணையும் உதட்டாலயும் விதவிதமான விரல் பிடியாலயும் இழுத்து நிறுத்தணும். கட்டை விரலுக்கு மற்ற வாத்தியங்கள்ல பெரும்பாலும் பிடிச்சுக்கிற வேலைதான். இதுல இடது கட்டை விரலுக்கு மட்டும் எட்டு, ஒன்பது கீ.

19-ம் நூற்றாண்டில் புல்லாங்குழலை போயம் என்பவர் ஒலியியல் கணக்குப் போட்டு அடியோட மாத்தி அமைச்சார். அந்த முறையை பஸூனுக்கும் கொண்டுவரப் பார்த்தாங்க. எடுபடல. சுருதி சரியாச்சு, பஸூன் காணாமப் போச்சுன்னு ரூம்மேட் சொல்வா. அதனால ஜெர்மனியில் 1831-ல் ஆரம்பிச்ச ஹெக்கல் பட்டறை படிப்படியாத் திருத்தின வடிவம்தான் இன்னிக்கும் பெரும்பாலான நாடுகள்ல ஓடுது. நான் இருந்த இண்டியானாவிலேயே சவுத் விட்லின்னு ஒரு சின்ன ஊர்ல ஃபாக்ஸ் கம்பெனி இருக்கு. சிகாகோ சிம்பனியில பஸூன் வாசிச்ச ஹ்யூகோ ஃபாக்ஸ் 1949-ல் ஆரம்பிச்சது.

ஆனா இவ்வளவு பெரிய மரத்துக்கும் உயிர் கொடுக்கிறது அந்த அஞ்சரை சென்டிமீட்டர் நாணல்தான். ரீட். காத்து ரெண்டு இதழுக்கு நடுவுல பாயும்போது அது மூடும், திறக்கும், மூடும். ஒரு வால்வு. பஸூனோட அடி ஸ்வரத்துல நொடிக்கு 58 தடவை. இந்த ரீடைக் கடையில வாங்கலாம். ஆனா மியூசிக் ஸ்கூல்ல யாரும் கடை ரீடை நம்பி இருக்க முடியாது. தானே செய்யக் கத்துக்கணும். அதுவும் பாடத்தோட ஒரு பகுதி. டிபார்ட்மெண்ட்ல ரீட் ரூம்னே ஒரு அறை இருக்கு, உள்ளே நம்ம ஒர்க்‌ஷாப் மாதிரி மெஷின்கள், நாணல் தூள், பசை வாசனை.

செய்முறையைச் சொல்றேன், பொறுமையாக் கேளுங்க. நாணல் பேர் அருண்டோ டோனக்ஸ். தெற்கு ஃபிரான்ஸ்ல வார்ங்கிற பகுதியில விளையறதுக்கு மவுசு அதிகம். மூங்கில் மாதிரிக் குழாயா வரும். அதை நீளவாக்குல பிளந்து, தண்ணியில ஊற வெச்சு, உள்பக்கத்தைச் செதுக்கி ஏறக்குறைய ஒண்ணேகால் மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவரணும். அப்புறம் ஒரு அச்சுல வெச்சு ஓரங்களை வெட்டணும். வெளிப்பக்கத்தைச் சீவணும். நடுவுல மடிச்சு, மூணு இடத்துல பித்தளைக் கம்பி கட்டி, அந்தக் கூம்பு ஊசியை உள்ளே செருகி அடிப்பக்கத்தை வட்டமாக்கி, நூல் சுத்தி, பசை பூசி, காய விடணும். பல நாள். சில பேர் வாரக்கணக்கில் காய விடுவாங்களாம். அதுக்கப்புறம்தான் நுனியை வெட்டித் திறக்கிறது. நுனி ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான். இங்கதான் டயல் கேஜும் கத்தியும். சீவு, ஊது, கேளு. மறுபடி சீவு.

ரீடை வாத்தியத்துல மாட்டறதுக்கு முன்னாடி தனியா வாயில் வெச்சு ஊதிப் பார்ப்பாங்க. காக்கா கத்தற மாதிரி 'க்ர்ர்ர்ரா'ன்னு ஒரு சத்தம் வரும். இங்கிலீஷ்லயும் அந்தச் சோதனைக்குக் காக்கா கத்தல்னுதான் பேர். அந்தக் கத்தல்ல மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி ரெண்டும் கலந்து வந்தா ரீட் தேறும்னு அர்த்தம். ராத்திரி பத்தரை மணிக்கு நான் அசைன்மெண்ட் எழுதிட்டு இருப்பேன், பின்னாடி காக்கா. முதல் வாரம் எரிச்சலா இருந்தது. மூணாவது வாரம் நானே "இது நல்லா இல்லையே"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டேன்.

இவ்வளவு உழைச்சு ஒரு ரீட் செஞ்சா எத்தனை நாள் வரும்? ஒழுங்கா இருக்கிறது ரெண்டு, மூணு வாரம். பத்து செஞ்சா ரெண்டுதான் கச்சேரிக்கு லாயக்கு, மிச்சம் பிராக்டிஸுக்கு, சிலது குப்பைக்குன்னு அவளோட கணக்கு.

எனக்குள்ள இருந்த இன்ஜினீயர் இதை ஒத்துக்கவே இல்லை. "நல்ல ரீடை அளந்து, அதே அளவுல அடுத்ததைச் செய். முடிஞ்சது"ன்னு சொன்னேன். அவ சிரிக்கல. ஒரு டப்பாவைத் திறந்து நாலு ரீட் எடுத்து நீட்டினா. "அளந்து பாரு, எது நல்லதுன்னு சொல்லு." ஒரு சனிக்கிழமை முழுக்க உக்காந்தேன். ஒவ்வொரு இதழ்லயும் கட்டம் போட்டு, புள்ளி புள்ளியா ரீடிங் எடுத்து, எக்ஸெல்ல ஏத்தி, கலர் மேப் போட்டேன். நம்ம ரெக்கார்ட் நோட்டுக்குக்கூட நான் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. ரெண்டு ரீட் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைங்க. வித்தியாசம் எல்லாம் கேஜோட நடுக்கத்துக்குள்ளேயே அடங்கிடுச்சு. அந்த ரெண்டையும் அவ மாட்டி வாசிச்சுக் காட்டினா. ஒண்ணு பேசுச்சு. இன்னொண்ணு சளி பிடிச்ச மாதிரி இருந்தது.

காரணம் நமக்குத் தெரிஞ்சதுதான். எஃகு மாதிரி நாணல் ஒரே சீரான பொருள் இல்லை. நார் போற திசையில ஒரு விறைப்பு, குறுக்க வேற விறைப்பு. ஒரே குழாயோட ரெண்டு பக்கமும்கூட ஒண்ணா இருக்காது. இதெல்லாம் மெட்டீரியல்ஸ் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வி. 'அனைசோட்ராபி வரையறுக்க.' எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கோம். அந்த ரெண்டு மார்க்கை ஒருத்தி தினம் ராத்திரி கத்தியோட உக்காந்து விரல் நுனியால வளைச்சுப் பார்த்துத் தீர்த்துக்கிட்டு இருக்கா. டயல் கேஜ் அவளுக்கு எங்க சீவணும்னு சொல்லும், எப்போ நிறுத்தணும்னு சொல்லாது. (என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஏன் நாணல் துண்டுகளோட வளைவு விறைப்பு பத்தினதுன்னு கேக்கிறவங்களுக்கு இதுதான் பதில். ரிவ்யூவுல "இதுக்கு இண்டஸ்ட்ரில என்ன யூஸ்?"னு கேட்டாங்க. பதில் இன்னும் தயார் பண்ணிட்டு இருக்கோம்.)

மியூசிக் படிப்புன்னா ஜாலின்னு நினைக்கிறவங்களுக்கு அவளோட டைம்டேபிளை ஒரு தடவை காட்டணும். வாரம் ஒரு தடவை ப்ரொஃபசரோட ஒரு மணி நேரம் தனி வகுப்பு. தனின்னா நிஜமாவே தனி. கடைசி பெஞ்ச் கிடையாது, ப்ராக்ஸி கிடையாது. அந்த வாரம் வாசிக்கலைன்னா முதல் நிமிஷத்துல தெரிஞ்சுடும். அப்புறம் எல்லா பஸூன் மாணவர்களும் ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் வாசிக்கிற வகுப்பு. ஆர்கெஸ்ட்ரா ஒத்திகை. மியூசிக் தியரி. காதால கேட்டதை அப்படியே எழுதற வகுப்பு. பியானோவும் கத்துக்கணும். இதுக்கெல்லாம் நடுவுல தினம் மூணு, நாலு மணி நேரம் பிராக்டிஸ் ரூம். செமஸ்டர் முடிவுல ஜூரின்னு ஒண்ணு. நம்ம வைவாதான், ஆனா பேசித் தப்பிக்க முடியாத வைவா.

நான் போன ஜனவரியில அவளுக்கு வேற ஒரு பாரம் இருந்தது. மாஸ்டர்ஸ் ஆடிஷன். மூணு யூனிவர்சிட்டி. மோட்ஸார்ட்டோட பஸூன் கான்செர்ட்டோ எல்லா இடத்துலயும் கேப்பாங்க. கூடவே ஆர்கெஸ்ட்ரா இசையில பஸூனுக்கு முக்கியமா வர்ற சின்னச் சின்னப் பகுதிகள். 'ஃபிகாரோ'வோட ஆரம்ப இசை, பீத்தோவன் நாலாவது சிம்பனியோட கடைசிப் பகுதி, 1913-ல் பாரிஸ்ல ரகளை கிளப்பின ஸ்ட்ராவின்ஸ்கியோட 'ரைட் ஆஃப் ஸ்ப்ரிங்'. அந்தக் கடைசிது ஆரம்பிக்கிறதே தனி பஸூன்தான், அதுவும் அந்த வாத்தியம் எட்ட முடியுமான்னு சந்தேகப்படற உச்சியில. அதுக்குன்னே அவ தனியா ஒரு ரீட் வெச்சிருந்தா, மெலிசா, நுனி சின்னதா. அதை யாரும் தொடக்கூடாது.

ஏன் இவ்வளவு பதற்றம்னு கேட்டப்ப அவ கணக்கு சொன்னா. ஒரு ஆர்கெஸ்ட்ராவுல வயலின் கூட்டமா இருக்கும். பஸூன் மூணு, நாலு நாற்காலிதான். அதுல உக்காந்திருக்கிறவர் ரிடையர் ஆகணும், இல்ல வேற ஊருக்குப் போகணும். அப்பதான் இடம் காலி. ஒரு இடம் காலின்னு அறிவிப்பு வந்தா நாடு முழுக்க இருந்து கிளம்பிப் போவாங்க. மேடைக்கு நடுவுல திரை போட்டிருக்கும். யார் வாசிக்கிறாங்கன்னு நீதிபதிகளுக்குத் தெரியக்கூடாது. செருப்புச் சத்தத்தை வெச்சு ஆணா பெண்ணான்னுகூடக் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு நடக்கிற இடத்துல கம்பளம் விரிச்சிருப்பாங்க. "பிளேஸ்மெண்ட்ல எத்தனை கம்பெனி வருது?"னு அவ என்னைக் கேட்டா. நான் பதில் சொல்லிட்டு, வேற பேச்சுக்கு மாத்திட்டேன்.

அவளோட அம்மா ஃபோன்ல கேக்கிறதும் நம்ம வீட்டுல கேக்கிறதேதான். இதை வெச்சு சாப்பிட முடியுமா? கேக்கிற மொழிதான் வேற.

இதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு எனக்கு பிப்ரவரியிலதான் தெரிய வந்தது. அந்த பஸூன் அவளோடது இல்லை. நல்ல பஸூன் ஒண்ணு ஒரு கார் விலை, மேலேயும் போகும். அதனால மியூசிக் ஸ்கூலே அவளுக்கு ஒண்ணைக் கொடுத்து வெச்சிருந்தது. பட்டம் வாங்கற அன்னிக்குத் திருப்பித் தரணும். நாலு வருஷமா தினம் அவ மூச்சு போன மரம் அது. எந்த ஸ்வரம் எவ்வளவு கீழே போகும்னு அவளோட உதட்டுக்குத் தெரியும். மே மாசம் அதை ஒரு கவுண்டர்ல வெச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வரணும், லைப்ரரி புக் மாதிரி. வேற எங்கயாவது சீட் கிடைச்சா அந்த ஸ்கூல் ஒண்ணு கொடுக்கும். கிடைக்கலைன்னா, கையில டிகிரி இருக்கும், வாத்தியம் இருக்காது.

முதல் ஆடிஷனுக்கு ஆறு மணி நேரம் கார்ல போனா. வெளியில மைனஸ் டிகிரி, உள்ளே ஹீட்டர். அந்த மாதிரிக் காஞ்ச காத்துல நாணல் சுருங்கும், நேத்து ராத்திரி பேசின ரீட் காலையில ஊமையாயிடும். பத்து ரீட் கொண்டுபோயிருந்தா, ஒண்ணும் அவ சொன்னதைக் கேக்கலை. அங்கே கிடைக்கல. ரெண்டாவது இடத்துல வெயிட்டிங் லிஸ்ட். மூணாவது இடம் பதிலே சொல்லாம வெச்சிருந்தாங்க.

அந்தச் சமயத்துலதான் என் சித்தி பொண்ணு கல்யாணம் கும்பகோணத்துல. இங்க காலை முகூர்த்தம், அங்க ராத்திரி ஒன்பது மணி. லேப்டாப்ல லைவ் போட்டு உக்காந்திருந்தேன். அவ பின்னாடி வந்து நின்னா. பொண்ணு, மாப்பிள்ளை, நகை எதையும் பார்க்கல. "அவர் வாத்தியத்துல தொங்கறது என்ன?"ன்னு கேட்டா. நாகஸ்வரத்துல கயிறு கட்டித் தொங்குமே, மாத்துச் சீவாளிகளும் தந்த ஊசியும். ரீட்தான்னு சொன்னேன். அதுவும் ரெண்டு இதழ், அதுவும் கூம்புக் குழாய். கொறுக்கைத் தட்டையில செய்யறது, காவிரிக் கரைப் பக்கம் திருவாவடுதுறையில செய்வாங்க, வாத்தியம் நரசிங்கம்பேட்டைன்னு, எனக்குத் தெரிஞ்ச ரெண்டு வரியைச் சொன்னேன். அவர் ஒரு சீவாளியைக் கழட்டி இன்னொண்ணை வாயில் வெச்சு ஈரமாக்கி மாட்டினார். அவ அன்னிக்கு முதல் தடவையாச் சிரிச்சா. "அவருக்கும் ரீட் சரியில்ல." கெட்டிமேளம் வரைக்கும் நகரவே இல்லை. எங்க வீட்டுக் கல்யாணத்துல நாகஸ்வரத்தை அவ்வளவு நேரம் ஒருத்தர் கவனிச்சுக் கேட்டது அதுதான் முதல் தடவையா இருக்கும்.

ஏப்ரல்ல அவளோட சீனியர் ரிசைட்டல். ஒரு மணி நேரம், மேடையில அவளும் ஒரு பியானோவும். மோட்ஸார்ட் 18 வயசுல, 1774-ல் எழுதின கான்செர்ட்டோ. சாங்-சான்ஸ் 85 வயசுல, 1921-ல், சாகப்போற வருஷம் எழுதின சொனாட்டா. பார்க்க வந்தவங்க முப்பது பேர் இருப்பாங்க, அதுல பாதி பஸூன்காரங்க. சொனாட்டாவோட மெதுவான பகுதியில ஒரு இடத்துல ஸ்வரம் நூல் மாதிரி மெலிஞ்சு போய்க்கிட்டே இருந்தது, எங்க அறும்னு காத்துக்கிட்டு இருந்தேன், அறவே இல்லை. எனக்கு மேற்கத்திய சங்கீதம் தெரியாது. ஆனா அந்த ரீட் எது, எந்த ராத்திரி சீவினது, எத்தனை தடவை குப்பைக்கூடை வரை போய்த் திரும்பி வந்ததுன்னு தெரியும். முன் வரிசையில அவளோட அம்மா உக்காந்திருந்தாங்க. முடிஞ்சதும் என்கிட்ட, "இவ்வளவு சத்தமில்லாமகூட அதை ஊத முடியுமா?"ன்னு கேட்டாங்க.

மூணாவது இடத்திலேருந்து ரிசைட்டலுக்கு அடுத்த வாரம் பதில் வந்தது. சீட் உண்டு, ஸ்காலர்ஷிப் பாதிதான். மிச்சத்துக்குக் கடன். அவ ஒரு ராத்திரி பேப்பரும் பேனாவுமாக் கணக்குப் போட்டா, காலையில சரின்னு மெயில் அனுப்பிட்டா.

ஆனா புது ஸ்கூல் ஆகஸ்ட்லதான் வாத்தியம் தரும். மே மாசம் நான் கிளம்பறதுக்கு நாலு நாள் முன்னாடி அவளோட கூட நானும் போனேன். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துண்டா எடுத்துக் காட்டினா. கவுண்டர்ல இருந்தவர் சீரியல் நம்பரைச் சரி பார்த்தார். வளைஞ்ச குழாயில ஒரு சின்ன நசுங்கல் இருக்கான்னு விரல் வெச்சுத் தடவினார். கையெழுத்து. அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. வெளியில வந்ததும் அவ தோளைத் தோளை ஆட்டினா, ரெண்டு பக்கமும் பாரம் சமமா இருக்கிறது ஒரு மாதிரியா இருக்குன்னு சொன்னா.

ஜூன், ஜூலை முழுக்க அவ ஊர்ல ஒரு மளிகைக் கடையில வேலை. கையில பஸூன் இல்லை. ஆனா மேசை இருக்கு, கத்தி இருக்கு, நாணல் இருக்கு. ரீட் செய்யறதை விடலை. மாட்டிப் பார்க்க வாத்தியம் இல்லாததால காக்கா கத்தலை மட்டும் வெச்சுத்தான் தீர்மானிக்கணும். ராத்திரி சாப்பிட்டுட்டு மொட்டை மாடியில இருப்பேன், வாட்ஸப்ல வாய்ஸ் நோட் வரும். ஆறு செகண்டு, 'க்ர்ர்ர்ரா'. கீழே ஒரு வரி: ஒண்ணா, ரெண்டா? அடுத்த நோட், இன்னொரு காக்கா. நான் இயர்ஃபோன் போட்டு ரெண்டையும் நாலு தடவை கேட்டுட்டு, மேல் ஸ்தாயி எதுல தெளிவா இருக்குன்னு பார்த்து, நம்பரை டைப் பண்ணி அனுப்புவேன்.